மலையேறும் முன் கழற்ற வேண்டியவை

ஏற்காடு அடிவாரத்திலிருந்து மேலே செல்லும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,300 மீட்டருக்கும் மேலே. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குப் போய்வரும் ஒவ்வொரு காரும் ஒரு கிலோமீட்டர் உயரம் ஏறி, அவ்வளவையும் இறங்கியாக வேண்டும். விடுமுறை நாள்களில் இதே சாலை கார்ப் பிரியர்கள் தங்கள் வண்டிகளைக் காட்டிக்கொள்ளும் இடமாகவும் ஆகிவிடுகிறது. எந்த அலாய் வீல், எத்தனை வாட் எல்.இ.டி., எஞ்சின் மென்பொருளை ரீமேப் செய்தால் இழுவை எவ்வளவு கூடும், எந்த எக்ஸாஸ்ட்டுக்குச் சத்தம் கம்பீரம் என்று டீக்கடை அரட்டை நீளும். அரட்டையில் குற்றமில்லை. வண்டியை நேசிப்பவர்கள் அதைப் பராமரிப்பதிலும் பெரும்பாலும் அக்கறை உள்ளவர்களே. ஆனால் அந்தப் பேச்சில் ஏற்றத்துக்குக் கிடைக்கும் இடம் இறக்கத்துக்குக் கிடைப்பதில்லை.

ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள கார் ஒரு கிலோமீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. சிறிய கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் தாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டோ, உயர் கியரில் பிரேக்கை மிதித்தபடியோ இறங்கினால் அத்தனை சூடும் பிரேக்குக்கே போகும். பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சுபோல் அமுங்கிவிடும். ரீமேப் எஞ்சினின் வலுவைக் கூட்டுமே தவிர, பிரேக்கின் வலுவைக் கூட்டாது. தயாரிப்பாளர் அனுமதித்த அளவைவிடப் பெரிய, கனமான சக்கரத்தைப் பழைய பிரேக்கோடு மாட்டினால் நிறுத்துவது இன்னும் கடினம். ஸ்பீடோமீட்டரும் உண்மை வேகத்தைவிடக் குறைத்தே காட்டும். உயரம் கூட்டிய வண்டிக்கு ஈர்ப்பு மையம் மேலே போவதால், வளைவில் சாயும் தன்மையும் கூடுகிறது. 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து இறங்கிய தனியார் பேருந்து பள்ளத்தில் கவிழ்ந்து உயிர்ப்பலி நேர்ந்தது. அதற்கும் கார் மாற்றங்களுக்கும் தொடர்பில்லை. தவறுக்கு இந்தச் சாலை எவ்வளவு இடம் கொடுக்கும் என்பதற்கு மட்டும் அது சான்று.

விளக்குகள் இன்னொரு ஆபத்து. ஹாலஜன் பல்புக்காக வடிவமைத்த கூட்டில் எல்.இ.டி. பல்பைச் செருகினால், ஒளி பிறக்கும் இடமும் வடிவமும் மாறி, வெளிச்சம் சிதறக்கூடும். ஓட்டுபவருக்குப் பளிச்சென்று தெரியும். எதிரே வருபவருக்குக் கண் கூசும். மூடுபனியில் உயரமாகப் பொருத்திய எல்.இ.டி. பார் ஓட்டுபவருக்கே வெள்ளைத் திரையாகிவிடுகிறது. அகலம் போதாத மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. கண் கூசிய நிலையில் யார் யாருக்கு வழிவிடுவது?

காரின் முன்னால் மாட்டும் இரும்புப் புல் பார், மோதல் விசை பரவும் விதத்தை மாற்றி, ஏர்பேக் உரிய நேரத்தில் விரிவதைக் கெடுக்கக்கூடும். நடந்து செல்பவருக்குக் காயத்தைக் கடுமையாக்கும். இவற்றின் மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. எக்ஸாஸ்ட் சத்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: மலைக்கிராமத்தாரும் காட்டெருமைகளும் அதைக் கேட்க ஆசைப்பட்டதில்லை.

சட்டத்தில் பெரிய குறை இல்லை. பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். முக்கியப் பாதுகாப்பு உதிரிபாகம் என அறிவிக்கப்பட்டதைத் தரமின்றி விற்பவருக்கோ ஒரு லட்சம் ரூபாய் அபராதம் உண்டு. ஆனால் நடைமுறையில் சாலையில் நிற்கும் இளைஞர்தான் அகப்படுகிறார். விற்றுப் பொருத்திக் கொடுத்த கடை நிம்மதியாகத் திறந்திருக்கிறது. அபராதம் கட்டியவரும் அதே விளக்கோடு மலையேறிவிடுகிறார்.

எல்லா மாற்றமும் குற்றமா என்று கார்ப் பிரியர்கள் கேட்பது நியாயமான கேள்வி. டேஷ்கேம், டயர் காற்றழுத்தத்தைக் காட்டும் கருவி, விதிப்படி தாழப் பொருத்திய பனிவிளக்கு ஆகியவை மலைப்பயணத்துக்கு உண்மையிலேயே உதவுபவை. இவற்றையும் புல் பாரையும் ஒரே கண்ணோடு பார்க்கும் சோதனை, சோதனையின் மதிப்பையே கெடுக்கும். எது கூடும், எது கூடாது என்ற தெளிவான பட்டியலைப் போக்குவரத்துத் துறை எளிய தமிழில் வெளியிட வேண்டும். துணைப்பொருள் கடைகளிலும் அதை ஒட்டச் செய்ய வேண்டும்.

புல் பார், கண்கூசும் விளக்கு, சைலன்சர் கழற்றிய எக்ஸாஸ்ட் ஆகியவற்றோடு வருபவர்கள் அடிவாரத்திலேயே நிறுத்தப்பட வேண்டும். கழற்றிய பிறகுதான் மேலே செல்ல அனுமதி. கழற்ற இயலாத மாற்றமுள்ள வண்டிகள் திரும்ப வேண்டியதுதான், பேருந்து இருக்கிறது. மே மாதக் கோடை விழாவுக்கு முன்பே இதைத் தொடங்கிவிடுவது நல்லது. ஏற்காட்டுக்குச் செல்லும் மற்றொரு பாதையான குப்பனூர் வழியிலும் அதே நாளில் சோதனை தொடங்க வேண்டும். இல்லையெனில் அடிவாரத்தில் நிறுத்தப்பட்டவர்கள் அந்த வழியாக மேலே போய்விடுவார்கள்.