டியூப் லைட்டுக்குள் இருக்கும் விஷம்

பட்டாசில் பாதரசம் எந்த வடிவிலும் இருக்கக் கூடாது என்று 2017 ஜூலை 31 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆன்டிமனி, லித்தியம், ஆர்செனிக், ஈயம் ஆகியவையும் அந்தத் தடையில் அடக்கம். விருதுநகர் மாவட்டத்தின் எம். புதுப்பட்டி வட்டாரத்துப் பட்டாசு ஆலைகள் அன்றிலிருந்து இந்த ஐந்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அந்த ஆலைகளில் வேலை செய்கிறவர்களின் வீட்டில், ஃபியூஸ் போன டியூப் லைட்டுக்குள் இருக்கும் பாதரசத்துக்கு யார் பதில் சொல்வது?

சி.எஃப்.எல். பல்பில் சில மில்லிகிராம்தான் இருக்கும். பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரில் அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை. ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவியில் நூறு கிராமை நெருங்கும். டியூப் லைட்டைக் கழற்றினால், சோக்கில் தாமிரக் கம்பி இருப்பதால் பழைய இரும்புக் கடைக்காரர் அதை எடுத்துக்கொள்வார், டியூப்பைத் தொடமாட்டார். அது குப்பைமேட்டில் உடையும். குப்பைக்குத் தீ வைத்தால் பாதரசம் ஆவியாகிக் காற்றில் கலக்கும். மழைநீரோடு கண்மாய்க்குப் போனால், சேற்றிலுள்ள நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றும். மீன் வழியாக அது சோற்றுத் தட்டுக்கே வந்து சேரும். அதற்கெல்லாம் முன்பே அதைச் சுவாசிப்பவர், உடைந்த கண்ணாடியை அள்ளும் தூய்மைக் காவலர்.

இந்த உலோகம் என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு கொடைக்கானலில் பார்த்திருக்கிறது. இந்துஸ்தான் லீவர் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு, 2001-இல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கிடங்கில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட 2016 வரை ஆனது. அங்கே பொறுப்பேற்க ஒரு நிறுவனமாவது இருந்தது. ஆயிரம் வீடுகளில் சிதறிக் கிடக்கும் பாதரசத்துக்கு அப்படி யாருமில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016 திடக்கழிவு விதிகள் சி.எஃப்.எல்., டியூப் லைட், உடைந்த தெர்மாமீட்டர் ஆகியவற்றை வீட்டு அபாயக் கழிவு என்றே வகைப்படுத்தின. நகரங்களில் 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் வேண்டும் என்றன. கிராமத்துக்கு அந்த ஏற்பாடு வரவில்லை. மின்னணுக் கழிவு விதிகளிலோ, மறுசுழற்சிச் சான்றிதழ் வாங்கித் தயாரிப்பாளர் தன் கணக்கை நேர்செய்துவிடலாம். அதற்காக எம். புதுப்பட்டிக்கு வண்டி அனுப்ப வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. என் பார்வையில் ஓட்டை இங்கேதான் இருக்கிறது.

திரட்டும் வேலையும் முடிவில்லாதது அல்ல. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் சி.எஃப்.எல். வகைகளை 2026-க்குள்ளும் டியூப் லைட்டுகளை 2027-க்குள்ளும் நிறுத்த ஒப்புக்கொண்டுள்ளன. எல்.இ.டி. வந்துவிட்டது. இப்போது வீடுகளில் இருப்பவைதான் கடைசிச் சரக்கு. ஒருமுறை முறையாகத் திரட்டினால் போதும்.

பட்டாசு மருந்துக் கழிவைச் சாதாரணக் குப்பையோடு சேர்க்கக் கூடாது என்று இந்த வட்டாரத் தொழிலாளிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவருக்குத் தேவை, உடையாத டியூப்பைக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடம். பல்ப் விற்கும் எலெக்ட்ரிக் கடையே அதற்குப் பொருத்தம். வீட்டில் உடைந்துவிட்டால் ஃபேனை நிறுத்தி, சன்னலைத் திறந்துவிட்டு, சிறிது நேரம் வெளியே இருக்க வேண்டும். பிறகு விளக்குமாற்றைத் தொடாமல் அட்டையால் அள்ளி, மூடியுள்ள பாட்டிலில் அடைக்க வேண்டும். அந்தப் பாட்டிலையும் அதே கடை வாங்கிக்கொள்ள வேண்டும்.

பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும் வாரத்தில் விருதுநகர் மாவட்ட நிர்வாகம் இதை ஊராட்சி ஊராட்சியாகத் தொடங்கலாம். சேர்ந்ததைப் பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலைக்குக் கொண்டுபோகும் லாரி வாடகையை பல்ப் நிறுவனங்களிடம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்டு வாங்கித் தர வேண்டும்.