துரு அகற்றிய பின்னரே திரைச்சீலை

பழைய வேன் ஒன்றைத் தம் கையாலேயே செப்பனிட்டு, அதிலேயே உண்டு உறங்கி ஊர்சுற்றி வருவோர் மேலைநாடுகளில் பலர் உளர். அவர்தம் உழைப்பில் நம் மாணவர் கற்கத்தக்க பாடம் ஒன்று உண்டு என்பது நம் கருத்து.

ஜெர்மனியில் 1950இல் வோல்க்ஸ்வாகன் வேன் உற்பத்தி தொடங்கிற்று. 1951இல் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதனுள் படுக்கையும் அலமாரியும் அமைத்து, அதனை நடமாடும் இல்லமாக்கிற்று. காற்றாலேயே குளிரும் அதன் எஞ்சின் எளிய அமைப்புடையது. அமெரிக்கப் பொறியாளர் ஜான் மியூர் 1969இல் வெளியிட்ட பழுதுபார்ப்புக் கையேடு, கருவி தொட்டறியாதாரையும் இவ்வேலைக்கு அழைத்தது.

இவ்வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் துருவேறிய அடித்தகட்டை வெட்டி நீக்கிப் புதுத்தகடு பற்றவைத்தல் வேண்டும். பலகையும் மெத்தையும் திரைச்சீலையும் பின்னரே. துருவின்மேல் பலகை அறைந்தால் பார்வைக்கு அழகாயிருக்கும். ஈரமோ உள்ளிருந்து அரித்துக்கொண்டேயிருக்கும்.

நம் கல்வியும் இவ்வாறு ஆயிற்றோ என அஞ்சுகிறோம். பட்டம் பெற்ற இளைஞர், மிதிவண்டிச் சங்கிலி கழன்றாலும் பிறர் கையை எதிர்நோக்குகின்றனர். கைத்தொழில் கல்லாதார்க்கே உரியது என்னும் எண்ணமே அத்துரு. தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்ட பெருமானாரைப் (ஸல்) பின்பற்றும் சமுதாயத்தில் இவ்வெண்ணம் எங்ஙனம் புகுந்தது?

ஆளரவமற்ற சாலையில் வண்டி நின்றாலும், அதனைத் தானே செப்பனிட்டவன் கலங்கான். அதன் ஒவ்வோர் உறுப்பையும் அவன் கை அறியும். அத்துணிவைத் தருவதே கல்வி. விடுமுறையில் ஒரு திங்களேனும் நம் மாணவர் பட்டறையில் பயிலட்டும். பெற்றோரும் அதனை இழிவெனக் கருதாதிருப்பாராக!