தேடத் தெரியாதவர்களா இவர்கள்?

கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும் நிதி இல்லை என்று புலம்புவதற்குக் காரணம் சோம்பலாம். பணம் கொட்டிக் கிடக்கிறதாம், தேடத்தான் ஆளில்லையாம். புரொபோசல் எழுதத் தெரிந்த முழுநேர ஊழியர் ஒருவரை வைத்துக்கொண்டு, நிர்வாகச் செலவையும் சுருக்கிக் காட்டிவிட்டால் நிதி தானாக வந்து சேருமாம். சென்ற இதழில் வந்த அந்தக் கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். நிதி தேடும் பயிற்சிப் பட்டறைகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்வதையே கட்டுரையாளர் இலவசமாகச் சொல்லியிருக்கிறார் என்ற அளவில் நன்றி சொல்லலாம்.

அவருடைய முதல் சான்று சிஎஸ்ஆர், அதாவது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல். தொகை சரிதான். அது யார் கைக்குப் போகலாம் என்று சொல்லும் விதியைத்தான் அவர் படிக்கவில்லை. அல்லது படித்துவிட்டு மறைத்திருக்கிறார். எது அவருக்குக் குறைந்த அவமானம் என்பதை அவரே தேர்ந்துகொள்ளட்டும்.

அந்த விதிகள் 2021 ஜனவரியில் திருத்தப்பட்டன. அதன்படி, வெளியிலிருந்து வரும் ஓர் அறக்கட்டளை சிஎஸ்ஆர் பணத்தைப் பெற வேண்டுமானால் வருமானவரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி பதிவுகள் வேண்டும், சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு வேண்டும், அதே வகைப் பணியில் குறைந்தது மூன்றாண்டு அனுபவமும் வேண்டும். சரி, பொதுப் பணத்தைப் போன்றது, கேட்கட்டும். ஆனால் அந்த நிறுவனமே தொடங்கும் அறக்கட்டளைக்கு இந்த மூன்றாண்டு நிபந்தனை கிடையாது! முதலாளி இன்று காலை பதிவு செய்த டிரஸ்ட், மற்ற தாள்கள் கைக்கு வந்த அன்றே பணம் வாங்கலாம். மலைக்கிராமத்தில் இரண்டாண்டாக இரவுப் பள்ளி நடத்துகிறவர் மூன்றாம் ஆண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டும். இதில் எந்த இடத்தில் புரொபோசலின் மொழிநடை குறுக்கே வருகிறது என்று கட்டுரையாளர் விளக்கினால் தெரிந்துகொள்வேன்.

போதாததற்கு, நிறுவனம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் அதே பிரிவு 135 சொல்கிறது. ஆலை இருக்கும் ஊருக்குப் பணம் போகும். மகாராஷ்டிரம் எப்போதும் முதலிடத்தில் இருப்பதும் வடகிழக்கு மாநிலங்களுக்குச் சொற்பமே கிடைப்பதும் நாகாலாந்துக்காரர்களுக்கு ஆங்கிலம் வராததாலா? அங்கே பல தொண்டு நிறுவனங்கள் நம்மைவிட நல்ல ஆங்கிலத்தில்தான் விண்ணப்பிக்கின்றன.

வெளிநாட்டு நிதியைத் தேடலாமே என்று ஒரு வரியில் கடந்து போகிறார். அதற்கு வேண்டிய எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுக்கு நிறுவனம் தொடங்கி மூன்றாண்டு ஆகியிருக்க வேண்டும். அந்த மூன்றாண்டில் தன் பணிக்காக 15 லட்சம் ரூபாயாவது செலவிட்டிருக்க வேண்டும். அதாவது, பணம் இல்லாததால் பணம் கேட்பவர், ஏற்கெனவே பணம் இருந்ததை நிரூபிக்க வேண்டும். முன்பு ஒரு வழி இருந்தது. பெரிய நிறுவனம் வெளிநாட்டு நிதியை வாங்கி, ஊர்மட்டத்தில் வேலைசெய்யும் சிறிய அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020 திருத்தம் அந்த வழியை அடியோடு அடைத்தது. இன்னொரு பதிவுபெற்ற அமைப்புக்குக்கூட ஒரு ரூபாய் மாற்றித் தர முடியாது. பதிவு இழந்த அமைப்புகள் மட்டும் இருபதாயிரத்துக்கு மேல். எல்லாரும் சோம்பேறிகள் போலும்.

தொண்டு நிறுவனங்கள் நிதி திரட்டுவதற்கான சமூகப் பங்குச் சந்தையும் இதே கதைதான். அதில் பதிவதற்கே முந்தைய நிதியாண்டில் 50 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும்.

கல்லூரிகள் விஷயத்தில் அவர் இன்னும் அலட்சியம். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சட்டத்தின் 12பி பட்டியலில் இடம்பெறாத கல்லூரி, வானத்தை வில்லாக வளைக்கும் புரொபோசல் எழுதினாலும் யுஜிசியின் நிதியுதவி அதற்குக் கிடையாது. அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தை நம்பிக்கை ஒளியாகக் காட்டுகிறார். 2023இல் சட்டம் வந்தது. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி என்று அறிவித்தார்கள். அதில் 36,000 கோடி தனியார் முதலான பிற வழிகளிலிருந்து வரும் என்பது அரசின் எதிர்பார்ப்பு. பத்தில் ஏழு பங்குக்கு மேல் எதிர்பார்ப்பாக இருக்கும் தொகையைக் கொட்டிக் கிடக்கும் பணம் என்று எண்ணுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். அது கிடைத்தாலும், ஆய்வுக்கூடமும் ஆய்விதழ்ச் சந்தாவும் இல்லாத ஒரு கலைக்கல்லூரியின் உதவிப் பேராசிரியர், வாரம் 16 மணிநேரம் வகுப்பெடுத்து, தேர்வுத்தாள் திருத்தி, தரமதிப்பிட வரும் நாக் குழுவுக்குக் கோப்பு அடுக்கிய பிறகு, பல திட்டங்களில் ஐஐடியோடு அதே விண்ணப்பப் படிவத்தில் போட்டியிட வேண்டும்.

மோசமான புரொபோசல்கள் இல்லையா? ஏராளம் உண்டு. மூன்று பத்திகளை எங்கிருந்தோ வெட்டி ஒட்டி, இறுதியில் கோடி ரூபாய் கேட்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்கள் நிராகரிக்கப்படுவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவர்களைக் காட்டி, விதியாலேயே வெளியே நிறுத்தப்பட்டவர்களையும் சேர்த்துத் திட்டுவது ஆய்வல்ல, வசவு.

கடைசியாக அந்த நிர்வாகச் செலவு உபதேசம். சம்பளமும் வாடகையும் ஆடிட்டர் கட்டணமும் குறைவாக இருந்தால் நிறுவனம் நேர்மையானது என்பது அவர் தீர்ப்பு. எஃப்சிஆர்ஏ நிதியில் நிர்வாகத்துக்கு இருந்த 50 விழுக்காடு உச்சவரம்பு 2020இல் 20ஆகக் குறைக்கப்பட்டதையும் பாராட்டுகிறார். பல நிதியாளர்கள் அவ்வளவுகூடத் தருவதில்லை. பயனாளியின் நோட்டுப்புத்தகத்துக்குப் பணம் உண்டு, அதை எண்ணிக் கணக்கு வைப்பவருக்குக் கிடையாது. இருக்கட்டும். அதே கட்டுரையில் இரண்டு பத்திகளுக்கு முன்னால்தான் புரொபோசல் எழுத முழுநேர ஊழியர் ஒருவரை வைத்துக்கொள்ளச் சொன்னார். அந்த ஊழியரின் மாதச் சம்பளத்தை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது, அதை எந்த நிதியாளர் ஒப்புக்கொள்வார் என்பதை அடுத்த கட்டுரையிலாவது அவர் சொல்ல வேண்டும்.