மின்தூக்கிக்குப் பக்கத்து அறை

2020ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத் தொடக்கம். கொரோனா என்ற சொல் நமக்கு இன்னும் பழகியிராத நேரம். வீட்டுக்கு நான்கு முகக்கவசங்கள் வழங்கப்படும், சமூக மன்றத்திலோ வசிப்போர் குழு நிலையத்திலோ பெற்றுக்கொள்ளலாம் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. அம்மா வேலைக்குப் போய்விட்டதால் நான் கீழே இறங்கிப் போனேன். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், மின்தூக்கிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது அந்த அறை. பதினெட்டு ஆண்டுகளாக அதே வீட்டில் குடியிருக்கிறோம். பள்ளிக்கும் துணைப்பாட வகுப்புக்கும் பின்னர் பல்கலைக்கழகத்துக்கும் அந்தக் கதவைக் கடந்துதான் போயிருக்கிறேன். உள்ளே கால் வைத்தது அன்றுதான் முதல்முறை.

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சீன முதியவர் என் வீட்டு எண்ணைக் கேட்டார். சொன்னேன். "அம்மா இன்னும் இரவு வேலைக்குப் போகிறாரா? உன் தாத்தா தவறியபோது கீழே மேசை நாற்காலி போட்டுக் கொடுத்தது நாங்கள்தான்" என்றார் ஆங்கிலத்தில். எனக்கு அவர் பெயர் தெரியவில்லை. கேட்கவும் வெட்கமாக இருந்தது. நான்கு முகக்கவசங்களோடு அந்த வெட்கத்தையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதைப் பேரவை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

அப்போது நான் இரண்டாம் ஆண்டு மாணவி. பேரவையின் செயற்குழுவில் இருந்தேன். நாடகம், பட்டிமன்றம், புதிய மாணவர் வரவேற்பு, ஆதரவாளர்களைத் தேடி அலைவது என்று வாரத்தில் நான்கு இரவுகள் போய்விடும். 'சமூகத்திற்கு நம் பங்கு' என்ற தலைப்பில் நானே மேடையேறிப் பேசியிருக்கிறேன். சமூகம் என்று நான் எதைச் சொன்னேன்? அரங்கில் உட்கார்ந்து கைதட்டியவர்களையா? என் வீட்டுக்கு மூன்று மாடி கீழே தனியாக வசித்த ஒரு தமிழ்ப் பாட்டியை எனக்குத் தெரியாது. சற்றே சிந்தித்துப் பாருங்கள், நண்பர்களே! உங்கள் மாடியில் உள்ள வீடுகளில் எத்தனை வீட்டாரின் பெயர்களை உங்களால் சொல்ல முடியும்?

நம் முன்னோர் இப்படி வாழவில்லை. தஞ்சோங் பகாரில் கடையநல்லூர், தென்காசி மக்கள் ஒரே வட்டாரத்தில் அடுத்தடுத்து வாழ்ந்தார்கள். தங்கள் பிள்ளைகளுக்காக 1946ஆம் ஆண்டில் உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளியைத் தொடங்கினார்கள். உயர்நிலைக் கல்வியையும் தமிழிலேயே தந்த அப்பள்ளி 1982வரை நடந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை செய்த இந்தியர்களும் அதைச் சுற்றியே குடியிருந்தார்கள். தமிழவேள் கோ. சாரங்கபாணி அவர்கள் 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கியபோது, அதைக் கொண்டாட ஊர் ஊராக ஆள் இருந்ததற்குக் காரணம் இத்தகைய குடியிருப்புகள்தாம். வட்டாரம் வேறு, சங்கம் வேறு என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

பின்னர் அடுக்குமாடி வீடுகள் வந்தன. கம்பத்திலிருந்தும் கடைவீடுகளிலிருந்தும் வந்தவர்கள், முன்பின் தெரியாதவர்களுக்கு அருகில் குடியேறினார்கள். பக்கத்து வீட்டுக்காரரைத் தெரியாமலே காலம் கழிக்கலாம் என்ற நிலை முதன்முதலாக ஏற்பட்டது. அதை மாற்றத்தான் 1978இல் வசிப்போர் குழுக்கள் தொடங்கப்பட்டன. 1960ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட மக்கள் கழகத்தின் கீழ் அவை இயங்குகின்றன. அண்மை ஆண்டுகளில் இவற்றின் பெயர் மாறி வருகிறது. பழக்கம் கருதி நான் வசிப்போர் குழு என்றே எழுதுகிறேன்.

1989ஆம் ஆண்டு மார்ச் மாதம் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்புக்கு வந்தது. இந்தியரும் பிற இனத்தவரும் சேர்ந்து ஒரு புளோக்கில் 13 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது, அக்கம்பக்க வட்டாரத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்று வரையறுக்கப்பட்டது. 2010இல் இவ்வரம்புகள் 15, 12 என உயர்த்தப்பட்டன. கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு வீடுகள் உள்ள புளோக்கில் அதிகம் போனால் பதினைந்து வீடுகள். அவற்றில் தமிழ் பேசும் வீடுகள் எத்தனை? 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் தமிழை அதிகம் பேசும் குடியிருப்பாளர்கள் 2.5 விழுக்காட்டினர்தாம். 2010இல் இது 3.3 ஆக இருந்தது.

இக்கொள்கையைக் குறைகூற நான் இதைச் சொல்லவில்லை. இனவாரியாகப் பிரிந்து கிடக்கும் நகரங்களின் நிலை நமக்குத் தெரியும். கொள்கை, கதவுகளை அடுத்தடுத்து வைக்கிறது. கதவைத் தட்டுவதை அது செய்ய முடியாது; அதை நாம்தான் செய்யவேண்டும். எந்த வட்டாரமும் இனித் தமிழ் வட்டாரமாக இருக்கப்போவதில்லை என்னும்போது, நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே பொது இடம் அந்தக் கீழ்த்தளமும் மின்தூக்கிக்குப் பக்கத்து அறையும்தான்.

அவ்வறையில் நான் கண்டதைச் சொல்கிறேன். நோய்ப்பரவல் கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு, மாதம் ஒருமுறை அங்கே போகத் தொடங்கினேன். குழுவில் பத்துப் பேர். ஏழு சீனர், இரண்டு மலாய்க்காரர், ஓர் இந்தியர். அந்த இந்தியருக்கு அறுபத்தெட்டு வயது. ஐம்பது வயதுக்குக் கீழே ஒருவர்கூட இல்லை. முதல் நாள் எனக்குக் கிடைத்த வேலை, அறிவிப்புப் பலகையில் தாள்களை ஒட்டுவது. நான்கு மொழிகளிலும் அச்சிட்டிருந்த ஓர் அறிவிப்பில் தமிழ்ப் பகுதி மட்டும் படிக்க முடியாதபடி இருந்தது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். புள்ளிகள் எல்லாம் கட்டங்களாக மாறியிருந்தன. மூத்தோருக்கான இலவசக் கண் பரிசோதனை பற்றிய அறிவிப்பு அது. மூன்று வாரங்களாகத் தொங்கியிருக்கிறது. பரிசோதனை நாளும் கடந்துவிட்டது.

மின்தூக்கிக்குக் காத்திருந்த அந்தப் பாட்டியிடம் போயிருந்தீர்களா என்று கேட்டேன். "அது குப்பை போடுறதப் பத்தின்னு நெனச்சேம்மா. நம்ம எழுத்து மாதிரி இருந்துச்சு, படிக்கத்தான் முடியல. கண்ணுதான் சரியில்லையோன்னு விட்டுட்டேன்" என்றார். தவறு அவர் கண்ணில் இல்லை. எழுத்துருவில் ஏற்பட்ட கோளாறு. அதைப் பத்து நிமிடத்தில் சரிசெய்யக்கூடிய மாணவர்கள் நம் பேரவையில் எத்தனை பேர்! ஒட்டியவர்களைக் குறைசொல்லி என்ன பயன்? அவர்களில் யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. தெரிந்த ஒரே இந்தியர் அன்று மருத்துவமனையில் இருந்தார். தெரிந்திருந்த நான் மாடியில், பட்டிமன்றத்திற்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

அவ்வாண்டு தீபாவளி ஒன்றுகூடலுக்கு என்னிடம் கேட்ட உதவி, "ஒரு பரதநாட்டியத்துக்கு ஏற்பாடு செய்" என்பதுதான். செய்தேன். பதினைந்து நிமிட நடனம், கைதட்டல், பிரியாணிப் பொட்டலம். அரைமணி நேரத்தில் நாற்காலிகள் காலியாகிவிட்டன. பக்கத்து நாற்காலியில் இருந்தவரோடு யாரும் பேசியதாகத் தெரியவில்லை. நம் வட்டார நிகழ்ச்சிகள் பலவற்றின் நிலை இதுதான் என்றால் மிகையாகாது. ஓரினத்தார் ஆடுகிறார்கள், மற்றவர் பார்க்கிறார்கள், எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

மறு ஆண்டு மேடையை விட்டுவிட்டோம். அந்தப் பாட்டி முறுக்கு அச்சோடு கீழே வந்தார். மாவு பிசைந்ததும் பிழிந்ததும் சீன, மலாய் அண்டைவீட்டார்கள். பாட்டியும் ஏழாம் மாடிச் சீன மூதாட்டியும் இரண்டு மணிநேரம் பேசினார்கள். எந்த மொழியில் என்று நினைக்கிறீர்கள்? பழைய பாசார் மலாயில்! பட்டப்படிப்புப் படித்த எனக்கு அந்த மொழியில் நான்கு வாக்கியம் வரவில்லை. இன நல்லிணக்கம் பற்றிக் கட்டுரை எழுதி மதிப்பெண் வாங்கிய தலைமுறை நாம். பள்ளிக்கூடமே போகாமல் அதைச் செய்து காட்டிய தலைமுறை அவர்கள். அவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டாமா?

2011ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ஓர் இந்தியக் குடும்பத்தின் கறி வாசம் சீன அண்டைவீட்டாருக்குப் பிடிக்கவில்லை. சமூகச் சமரச நிலையத்தில், அவர்கள் வீட்டில் இல்லாதபோது மட்டும் கறி சமைப்பது என்று முடிவானது. இந்தப் பழைய வழக்கு நாளிதழில் வந்ததும் நாடே கொதித்தது. ஆகஸ்ட் 21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கறி சமைப்போம் என்ற அழைப்புக்குப் பல்லாயிரம் பேர் ஆதரவு தெரிவித்தார்கள். சீனரும் மலாய்க்காரரும் சமைத்தார்கள். மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் எனக்கு ஓர் ஐயம். சமைத்த கறியில் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் எத்தனை பேர்? முன்பே ஒரு கிண்ணம் போய் வந்திருந்தால் அவ்வழக்கு சமரச நிலையம்வரை போயிருக்குமா?

இதற்கு மறுப்பு உண்டு என்பதை அறிவேன். முதலாவது, நேரமில்லை என்பது. நான் கேட்பது மாதத்தில் ஒரு மாலை. நாடக ஒத்திகைக்கு நாம் தரும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. இரண்டாவது, வசிப்போர் குழு என்றாலே அரசியல் என்ற எண்ணம். மக்கள் கழகம் அரசாங்க அமைப்பு. அடித்தள அமைப்புகளின் ஆலோசகர்களை அதுவே நியமிக்கிறது. எதிர்க்கட்சி வென்ற தொகுதிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் அப்பொறுப்பில் இருப்பதில்லை. இதுபற்றிக் கேள்வி எழுப்புவோரின் கேள்வி நியாயமானதே. அதை வாக்குச்சாவடியிலும் விவாத மேடையிலும் எழுப்பலாம். ஆனால் கண் பரிசோதனைக்குப் போகாத பாட்டிக்கு அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க நேரமில்லை. குழுவில் உறுப்பினராகச் சேர மனமில்லையா? சேராமலே அறிவிப்பைப் படித்துச் சொல்லலாம்.

மூன்றாவது மறுப்பைச் சொல்பவர்கள் நம் தமிழார்வலர்கள். "இதனால் தமிழுக்கு என்ன பயன்?" என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன்: அறிவிப்புப் பலகையில் தமிழ் கட்டம் கட்டமாகச் சிதைந்து கிடக்கும்போது, அரங்கில் நாம் நடத்தும் விழா யாருடைய தமிழைக் காக்கிறது? ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவில் தமிழ் முழங்குகிறது. மற்றப் பதினொரு மாதங்களும் அது மின்தூக்கி வாசலில் வாழ வேண்டியிருக்கிறது.

என் வேண்டுகோள் பெரியதன்று. பேரவை உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் புளோக்கின் அறிவிப்புப் பலகையை இவ்வாரம் நின்று படிக்கட்டும்; தமிழில் பிழை இருந்தால் திருத்திக் கொடுக்கட்டும். அடுத்து, தம் புளோக்கில் தனித்து வாழும் முதியவர் ஒருவரையாவது பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குத் தெரிந்துகொள்ளட்டும். புது வீடு வாங்கிக் குடியேறும் முன்னாள் மாணவர்களுக்கும் ஒன்று சொல்வேன். புதுமனை விழாவுக்கு நண்பர்களை அழைக்கும்போது, இருபுறத்து வீட்டாரையும் அழையுங்கள். புதிய புளோக்கில் எல்லாரும் புதியவர்களே. முதலில் பேசுபவர் நீங்களாக இருக்கலாம்.

அந்தச் சீன முதியவரின் பெயரை ஒருவழியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த அறையின் சாவியை வைத்திருந்தவர். முழங்கால் வலியால் சென்ற ஆண்டு பொறுப்பிலிருந்து விலகினார். சாவியை யாரிடம் கொடுப்பது என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோது, கையை உயர்த்தியவர் எழுபத்திரண்டு வயதானவர். அன்று எனக்கு அலுவலகத்தில் வேலை இருந்தது. நான் கூட்டத்திற்குப் போகவில்லை. அடுத்த கூட்டத்திற்குப் போவேன். நீங்கள் உங்கள் புளோக்கில் நடக்கும் கூட்டத்திற்குப் போவீர்களா?