கேமரூனின் கைபேசியில் இருந்த எண்கள்

2010 பிப்ரவரியில் பிரிட்டனின் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த டேவிட் கேமரூன், நாட்டில் அடுத்து வெடிக்கக் காத்திருப்பது ‘லாபியிங்’ ஊழல்தான் என்று எச்சரித்தார். பதவியில் இருந்தவர்கள் பழைய தொடர்புகளைக் காசாக்குவதை அந்த உரையில் கடுமையாகச் சாடினார். மூன்றே மாதங்களில் பிரதமரானார். பத்தே ஆண்டுகளில், தான் சாடிய பழக்கத்துக்குத் தானே சாட்சியாக நின்றார்.

அந்தக் கதையின் மறுமுனையில் இருந்தவர் லெக்ஸ் கிரீன்சில். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். விளைபொருளுக்கான பணம் மாதக்கணக்கில் வராமல் பெற்றோர் தவித்ததைப் பார்த்ததால்தான் பில்லுக்கு முன்பணம் கொடுக்கும் தொழிலுக்கு வந்ததாகச் சொல்வார். தொழிலின் அடிப்படை எளிது. சரக்கு அனுப்பிய சிறு நிறுவனத்துக்கு அதன் பில் தொகையைச் சிறிது கழித்துக்கொண்டு உடனே கொடுத்துவிட வேண்டியது. வாங்கிய பெரிய நிறுவனத்திடமிருந்து தவணை நாளில் முழுத்தொகையை வசூலித்துக்கொள்ள வேண்டியது. இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால், 2011இல் அவர் தொடங்கிய ‘கிரீன்சில் கேப்பிட்டல்’ அதோடு நிற்கவில்லை. இன்னும் விற்காத சரக்குக்கு, இன்னும் வாடிக்கையாளராகவே ஆகாதவர்கள் என்றாவது தரக்கூடிய பணத்தை நம்பியும் கடன் கொடுத்தது. பில்லே இல்லாத இடத்தில் பில்லுக்குக் கடன் என்றால், அது அடமானம் இல்லாத வெறும் கடன்தான்.

கேமரூன் பிரதமராக இருந்தபோதே கிரீன்சிலுக்கு அரசு அலுவலகத்தில் இடம் கிடைத்தது. அமைச்சரவைச் செயலர் ஜெரமி ஹேவுட் அவரை அழைத்துவந்தார். பிரதமர் அலுவலகத்தின் மூத்த ஆலோசகர் என்று அச்சிட்ட விசிட்டிங் கார்டு அவரிடம் இருந்தது. மருந்துக் கடைகளுக்கு அரசு தர வேண்டிய பணத்தை முன்கூட்டியே வழங்கும் திட்டத்தை 2012இல் கேமரூனே அறிவித்தார். தர வேண்டியது அரசு; கையில் பணம் இருப்பதும் அரசிடம்தான். நேரடியாகவே சீக்கிரம் கொடுத்துவிட முடியும் என்றிருக்க, நடுவில் ஒரு நிதி நிறுவனம் எதற்கு? இந்தக் கேள்வியை அன்றே உரக்கக் கேட்டிருக்க வேண்டும். 2017இல் பொருளாதாரச் சேவைக்காக கிரீன்சிலுக்கு அரச விருதும் கிடைத்தது.

2016 ஜூலையில் பதவி விலகிய கேமரூன், 2018 ஆகஸ்ட்டில் கிரீன்சில் நிறுவனத்தின் ஆலோசகரானார். பதவியிலிருந்து விலகியவர்கள் லாபியிங்கில் இறங்க இரண்டாண்டுத் தடை உண்டு. அது முடிந்த அடுத்த மாதமே வேலை! சம்பளத்தோடு நிறுவனப் பங்குகளில் உரிமையும் கிடைத்தது. எவ்வளவு என்று நாடாளுமன்றக் குழு கேட்டபோது அவர் தொகையைச் சொல்லவில்லை. ஏறத்தாழ ஒரு கோடி டாலர் என்று பிபிசியின் ‘பனோரமா’ பின்னர் தெரிவித்தது.

2020இல் பெருந்தொற்று வந்தது. நிறுவனங்களுக்காக இங்கிலாந்து வங்கி நடத்திய அவசரக் கடன் திட்டத்தில் கிரீன்சிலைச் சேர்க்கும்படி கேமரூன் டஜன் கணக்கில் குறுஞ்செய்திகள் அனுப்பினார். நிதியமைச்சர் ரிஷி சுனக், நிதித் துறைச் செயலர் டாம் ஸ்காலர் என்று நீண்டது அந்தப் பட்டியல். சிறு தொழில்களுக்கு உதவும் என்று நம்பியே கேட்டதாக அவர் விளக்கினார். நம்பியிருக்கலாம். ஆனால், நாடே முடங்கிக் கிடந்த வாரங்களில் ஒரு நிதியமைச்சரின் சொந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பும் வசதி எத்தனை சிறு தொழிலதிபர்களுக்கு இருந்தது?

கோரிக்கை நிராகரிக்கப்பட்டது உண்மை. அதைச் சொல்லி இந்த விவகாரத்தைக் கடந்துவிடுகிறவர்கள் உண்டு. என்னால் அப்படிக் கடக்க முடியவில்லை. நெருக்கடியின் உச்சத்தில் நிதித் துறையின் உயரதிகாரிகள் இந்த ஒரு நிறுவனத்துக்காகத் திரும்பத் திரும்பக் கூடிப் பேசினார்கள். வேறொரு அரசு உத்தரவாதத் திட்டத்தில் இடம்பிடித்த கிரீன்சில், உருக்கு அதிபர் சஞ்சீவ் குப்தாவுடன் தொடர்புடைய நிறுவனங்களுக்கு 40 கோடி பவுண்டு கடன் கொடுத்தது. தலா 5 கோடியாக எட்டுக் கடன்கள்! விசாரணை தொடங்கிய பின்னர் அந்த உத்தரவாதம் நிறுத்திவைக்கப்பட்டது.

கிரீன்சில் கொடுத்த கடன்களுக்கான காப்பீடு கிடைக்காமல்போனதும் கோட்டை சரிந்தது. 2021 மார்ச் 1 அன்று கிரெடிட் சுவிஸ் வங்கி, கிரீன்சில் கடன்களில் போட்டிருந்த 1,000 கோடி டாலர் மதிப்பிலான நிதியங்களை முடக்கியது. மார்ச் 8 அன்று கிரீன்சில் திவாலானது. ஜெர்மனியின் பிரேமன் நகரில் இருந்த கிரீன்சில் வங்கியில் நகராட்சிகளும் பணம் போட்டிருந்தன. தனிநபர்களின் வைப்புத்தொகைக்கு இருந்த காப்பீடு நகராட்சிகளுக்கு இல்லை. மொன்ஹைம் என்ற சிறு நகரம் மட்டும் 3.8 கோடி யூரோவைப் போட்டுவிட்டுத் தவித்தது. லண்டன் பெரிய மனிதர்களின் நட்பால் மெருகேறிய ஒரு பெயரை நம்பியதற்கு அந்த ஊர் மக்களின் வரிப்பணம் விலையானது.

கேமரூன் விதிகளை மீறவில்லை. ஆனால், கணிசமாக நிதானம் தவறினார் என்று நாடாளுமன்ற நிதிக் குழு 2021 ஜூலையில் கூறியது. விதிகளே போதாது என்றும் சொன்னது. விதி ஏன் அப்படி இருந்தது? லாபியிங்கை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை 2014இல் கொண்டுவந்தது கேமரூன் அரசு. பிறருக்காகக் கூலிக்குப் பேசும் ஆலோசனை நிறுவனங்கள் மட்டும் பதிவுசெய்தால் போதும் என்றது அந்தச் சட்டம். ஒரு நிறுவனத்தின் ஊழியராகவே இருந்து அதற்காகப் பேசுகிறவர் பதிவுசெய்ய வேண்டியதில்லை. விமர்சகர்கள் அப்போதே சுட்டிக்காட்டிய ஓட்டை அது. கிரீன்சிலின் ஊழியர் என்ற கணக்கில் அதே ஓட்டை வழியாகத்தான் கேமரூனும் வெளியே வந்தார்.

2023 நவம்பர் 13 அன்று, தேர்தல் எதையும் சந்திக்காமல், பிரபுக்கள் அவை உறுப்பினராக்கப்பட்டு அவர் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சரானார். நியமித்தவர், 2020இல் அவருடைய குறுஞ்செய்திகளைப் பெற்று, அதற்குள் பிரதமராகியிருந்த ரிஷி சுனக்.