வாடையும் உறைபனியும்

நெடுநல்வாடையைப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் மாணாக்கரிடமிருந்து ஒரு வினா எழுவதுண்டு. அந்நூலின் தொடக்கத்திலே நக்கீரர் கூதிர்க் குளிரைக் காட்டுகின்றார். வெள்ளத்தை வெறுத்த கோவலர் ஆநிரையை வேறு நிலத்துக்குக் கொண்டு செல்கின்றனர். நெருப்பிலே கை காய்ச்சியும் அவர்தம் கன்னங்கள் நடுங்குகின்றன. விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன; பறவைகள் மரத்தினின்றும் வீழ்கின்றன; பால் குடிக்க வந்த கன்றைப் பசு உதைத்துத் தள்ளுகின்றது. "வெப்ப நாட்டிலே குளிரால் உயிர் போகுமா, ஐயா? இது புலவரின் மிகைக் கூற்றன்றோ?" என்பதே அவ்வினா.

இதற்கு விடையை 2022 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் தந்தது. மாண்டஸ் புயல் ஈழக் கரையை ஏறாமலே கீழ்க்கடலில் நகர்ந்து, 9ஆம் நாளிரவு தமிழ்நாட்டின் மாமல்லபுரத்தருகே கரை கடந்தது. அது சென்ற வழியே வீசிய குளிர்காற்றிலும் மழையிலும் முல்லைத்தீவு, கிளிநொச்சி, திருகோணமலை முதலான இடங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆடுமாடுகள் மடிந்தன. நீர் உறையும் குளிரன்று அது. மேனாட்டார் அதனைக் குளிரென்றே எண்ணார். ஆனால், மயிர் நனைந்த விலங்குக்குத் தோல் காப்பாவதில்லை. நனைந்த உடலிற் காற்று இடையறாது மோதும்போது உடற்சூடு விரைந்து கழிகின்றது. வெயிலுக்குப் பழகிய பட்டிமாடு, ஒதுங்க இடமுமின்றி, வயிறும் ஒட்டியிருந்தால் ஓரிரவு கூடத் தாங்காது. திங்களோ கார்த்திகை, கூதிர்ப் பருவம்.

நக்கீரர் காட்டிய கோவலருக்குப் போவதற்கு வேறு நிலமிருந்தது. வடக்கிலும் கிழக்கிலும் மேய்ச்சற்றரை சுருங்கி வருதல் பண்ணையாளரின் நெடுநாள் முறைப்பாடு. வாடை தொடங்குமுன் மேட்டுநிலமும் காற்றை மறைக்கும் ஒரு கொட்டிலும் ஒழுங்கு செய்தல் அரசுக்குப் பெரும் பொருட்செலவாகாது. புயல் எச்சரிக்கை மீனவருக்கு விடுக்கப்படுகின்றது. பட்டிக்காரருக்கும் அதனை விடுத்தல் வேண்டும்.

இனி, மலைநாட்டுக் குளிர் வேறு. நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 1,800 மீற்றருக்கும் உயர்ந்தது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை தணியும் என்பது பூமிசாத்திரம் படித்தார் அறிந்ததே. எனினும், அங்கே உறைபனி படிவது மழைக்காலத்திலன்று. மழை ஓய்ந்து வானந் தெளிந்த தை, மாசி இரவுகளிலே, காற்றும் அசையாதபோது. முகிலிருந்தால் அது போர்வை போல நிலத்தின் சூட்டைத் தடுத்து வைத்திருக்கும். முகிலில்லாத இரவில் அச்சூடு வானிற் கலந்துவிடுகின்றது. குளிர்ந்த காற்றுப் பாரமானதாதலின் சரிவிலிருந்து வழிந்து பள்ளத்திலே தேங்குகின்றது. ஆகவே, மேற்சரிவிலே தேயிலை பசுமையாய் நிற்க, பள்ளத்திலே கொழுந்து கருகிக் கிடக்கும். கருகிய செடி மறுபடி தளிர்க்கும்வரை கொழுந்து பறிப்பாருக்கும் வேலை குறையும். வன்னி மாட்டைக் கொன்றது முகிலோடு வந்த குளிர். தேயிலையைக் கருக்குவதோ முகிலில்லாக் குளிர்.

இவ்விரண்டையும் நம் முன்னோர் ஒன்றாக மயங்கவில்லை. ஐப்பசி கார்த்திகையைக் கூதிர் என்றும், மார்கழி தையை முன்பனி என்றும், மாசி பங்குனியைப் பின்பனி என்றும் பிரித்தனர். தொல்காப்பியர் கூதிரையும் முன்பனியையும் குறிஞ்சிக்கு வைத்தார். பின்பனியைப் பாலைக்கு வைத்தார். இப்பாகுபாடு ஈழத்துக்கு இம்மியும் பிசகாது பொருந்துமென்று சாதிப்பாரும் உளர். நான் அவ்வாறு சாதியேன். மரபு ஆவணி புரட்டாதியைக் காரென்னும். யாழ்ப்பாணத்திலே பெருமழை ஐப்பசியிற்றான் தொடங்கும். அங்கே காருங் கூதிரும் கைகோத்தே வருகின்றன. ஆயினும், காற்றுக் குளிர் வேறு, பனிக் குளிர் வேறு என்று கண்ட கண் கூர்மையானதே.

அக்கண்ணை நம் வகுப்பறைகள் பயன்படுத்துவதில்லை என்பதே எனது குறை. குளிர்காலக் கட்டுரை எழுதச் சொன்னால், கடலோரக் கிராமத்துப் பிள்ளையும் வெண்பனி மூடிய கூரையையும் இலையுதிர்ந்த மரத்தையும் எழுதித் தருகின்றது. வேலியோரத்துப் பூவரசு பச்சையிலையோடு நனைந்து நிற்பது அதன் கண்ணிற் படவில்லை. இலண்டனிலே டிசெம்பர் ஈற்றிற் பகல் எட்டு மணி நேரமுமில்லை; யாழ்ப்பாணத்தில் அந்நாளிலும் பதினொன்றரை மணி நேரம் உண்டு. ஞாயிறு விலகிப் பிறக்கும் குளிரை ஞாயிறு விலகாத நாட்டின் பிள்ளை ஏன் எழுத வேண்டும்? பனி என்னும் ஒரு சொல்லையே எதற்கும் வழங்காது, பனித்துளி, மூடுபனி, உறைபனி, வெண்பனி என வேறுபடுத்திக் காட்டினாலே பாதி மயக்கம் தீரும்.

ஆசிரியர்கள் இத்தவணை "எங்களூர்க் குளிர்" என்று தலைப்பிட்டுப் பார்க்கலாம். முல்லைத்தீவுப் பிள்ளை பட்டிக்காரரிடம் கேட்டு எழுதட்டும். நுவரெலியாப் பிள்ளை லயத்து விடியலை எழுதட்டும். கொழும்புப் பிள்ளை, தை மாதத்து விடியலில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வையைத் தேடியதை எழுதினாலும் குற்றமில்லை. அதற்கும் நான் புள்ளி இடுவேன்.