மாணாக்கருக்கு மாணாக்கரே துணை

சிதம்பரத்தில் அண்ணாமலை சர்வகலாசாலை 1929-ம் வருஷத்தில் தோன்றியபோது, மாணாக்கர் தங்கிப் பயிலும் இடம் என்பதே அதன் தனிச் சிறப்பாகப் பேசப்பட்டது. பல ஊர்க் கலாசாலைகளுக்குப் பரீட்சை நடத்திப் பட்டம் வழங்குவதோடு நில்லாமல், ஆசிரியரும் மாணாக்கரும் ஓரிடத்தில் கூடி வாழ்ந்து கல்வி வளர்ப்பதே அதன் நோக்கம். 2013-ம் வருஷத்தில் ராஜாங்கத்தார் அதன் நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டனர். பொது ஜனங்களின் பொறுப்பாகிவிட்ட ஒரு கலைக்கூடத்தில் சேரும் ஏழைப் பிள்ளைகள் தேறி வெளிவருகிறார்களா என்று கேட்கப் பொது ஜனங்களுக்கு உரிமையுண்டு.

சேர்வது வேறு, தேறுவது வேறு. கிராமத்துப் பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் பயின்ற பிள்ளை, சர்வகலாசாலையில் நுழைந்ததும் உயர் கணிதத்தையும் ரசாயனத்தையும் ஆங்கிலத்தில் கேட்கிறான். முதல் வாரத்தில் ஒரு சொல் விளங்கவில்லை. மறு வாரத்தில் ஒரு பாடமே விளங்கவில்லை. எழுந்து கேட்க நாணம் தடுக்கிறது. தனியே அறையில் அமர்ந்து குறிப்பேட்டை உருப்போடுகிறான். பரீட்சையில் தவறியபின் அப்பாடம் ‘அரியர்’ என்ற பெயருடன் பழங்கடன்போல் அவனைத் தொடர்கிறது. தகப்பனார் வாங்கிய கடனுக்கு வட்டி ஏறுகிறது. இவ்வளவுக்கும் பிறகு, “பையனுக்குப் புத்தி போதாது” என்று உலகம் தீர்ப்புக் கூறிவிடுகிறது. இத்தீர்ப்பை நாம் ஒப்புக்கொள்ளவில்லை.

அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி நகரத்துக் கூடத்தில், யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆசிரியர் 1970-களில் இதே கேள்வியை ஆராய்ந்தார். பள்ளியில் நன்கு பயின்று வந்த கறுப்பின மாணாக்கர் பலர் நுண்கணிதத்தில் தவறுவதேன்? அவர்களிடம் முயற்சிக் குறைவை அவர் காணவில்லை. அவர்கள் தனித்தனியே படித்து வந்ததைக் கண்டார். சீன வமிசத்து மாணாக்கரோ, தாமே படித்தபின் ஒன்றுகூடி, ஒருவர் கணக்கை மற்றவர் சோதித்து வந்தனர். கறுப்பின மாணாக்கரையும் அவ்வாறே கூட்டி, எளிய கணக்குகளுக்குப் பதிலாகக் கடினமான கணக்குகளையே கொடுத்தார். அவர்கள் தேர்ச்சி உயர்ந்தது.

அதே நாட்டில் மிசௌரி மாகாணத்துக் கான்சஸ் நகரச் சர்வகலாசாலையில், டீனா மார்ட்டின் என்ற அம்மையார் 1973-ல் ஓர் ஒழுங்கான ஏற்பாட்டைத் தொடங்கினார். அதன் உட்கருத்து மிகவும் கவனிக்கத்தக்கது. ‘மந்தம்’ என்ற முத்திரையை மாணாக்கன் மீது குத்துவதில்லை. ‘கடினம்’ என்ற முத்திரையைப் பாடத்தின் மீது குத்துகிறார்கள். நூற்றுக்கு 30 பேரோ அதற்கு மேலோ தவறும் அல்லது இடையில் விட்டுவிடும் பாடம் எதுவோ, அதற்கே இவ்வுதவி. அப்பாடத்தில் முன்பு நன்கு தேறிய மூத்த மாணாக்கர் ஒருவர் மறுபடியும் வகுப்பில் அமர்ந்து பாடம் கேட்கிறார். பின்னர் வாரந்தோறும் மற்றவர்களைக் கூட்டி, அவர்களே சிந்தித்து விடை காணுமாறு வழிகாட்டுகிறார். வர விரும்புவோர் யாவரும் வரலாம். ஆகவே வருவதில் அவமானமில்லை.

இது மேல்நாட்டுச் சரக்கு என்று எண்ணுவோர் நன்னூலைப் புரட்டிப் பார்க்கட்டும். ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கேட்டாலும் புலமையில் காற்பங்கே கைகூடும். உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு பிறருக்கு எடுத்துரைப்பதால் வரும் என்று பவணந்தியார் கணக்கிட்டு வைத்திருக்கிறார். ஆகையால் துணை நிற்கும் மூத்த மாணாக்கருக்கும் இது நஷ்டமன்று. அவருக்கே ஊதியம் அதிகம்.

நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குப் பாடம் சொல்லிவந்ததும் யாவரும் அறிந்ததே. சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் பாதிரியார், மாணாக்கரைக் கொண்டே மாணாக்கருக்குக் கற்பிக்கும் முறையை அங்கே கையாண்டு, 1797-ல் லண்டனில் நூலாக வெளியிட்டார். சீமையில் அதற்கு ‘மதராஸ் முறை’ என்றே பெயர். ஆனால் அங்கே அது என்னவாயிற்று? ஓர் உபாத்தியாயரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மலிவாகப் பயிற்றும் தந்திரமாக முடிந்தது. அந்த அபாயத்தை இங்கே முன்கூட்டியே தடுக்கவேண்டும். ஆசிரியர் ஸ்தானங்களைக் காலியாக வைத்துக்கொண்டு, “மாணாக்கர் பார்த்துக்கொள்வார்கள்” என்று அதிகாரிகள் கைகழுவுவதற்கு இத்திட்டம் சாக்காகக் கூடாது. துணை என்பது ஆசிரியருக்குத் துணை. ஆசிரியருக்கு மாற்று அன்று.

நாம் கோருவது பெருஞ்செலவான காரியமன்று. எந்தெந்தப் பாடங்களில் அதிகம் பேர் தவறுகிறார்கள் என்பதைச் சர்வகலாசாலையார் வருஷந்தோறும் வெளிப்படையாகக் கூறட்டும். அப்பாடங்களுக்குத் தகுந்த மூத்த மாணாக்கரையும் மாணாக்கியரையும் தெரிந்தெடுத்து, சிறிது பயிற்சியும் சிறிது சம்பளமும் அளிக்கட்டும். மாலையில் வகுப்பறைகளைத் திறந்துவிடட்டும். கூட்டத்தில் விளக்கம் தமிழில் நடக்கட்டும். ஆங்கிலக் கலைச்சொல்லையும் கூடவே கற்கட்டும். அறியாத விஷயத்தை அறியாத பாஷையில் கற்கும் இரட்டைச் சுமையில் ஒன்றேனும் இறங்கும். ஆண்டு முடிவில், வந்தவர் எத்தனை பேர் தேறினர், வராதவர் எத்தனை பேர் தேறினர் என்று ஒப்பிட்டுப் பார்த்து, பயனில்லையெனில் திருத்தட்டும்.

ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்காகச் சுவாமி சகஜாநந்தர் 1916-ல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவியதும் இதே சிதம்பரத்தில்தான். கல்வியின் வாசலைத் திறந்துவிட அன்று அவர் பாடுபட்டார். இன்று வாசலுக்குள் வந்துவிட்ட பிள்ளைகள் பாதிவழியில் திரும்பிப் போகாதபடி காப்பது நம் கடமை. மாணாக்கர் சங்கங்கள் இதற்கு உத்தரவை எதிர்பார்க்க வேண்டியதில்லை. விடுதிக்கு ஒரு கூட்டம், பாடத்துக்கு ஒரு துணைவர் என்று நாளைக்கே தொடங்கலாம். அவர்கள் தொடங்கட்டும், சர்வகலாசாலையார் தொடர்ந்து வருவார்களென்று நம்புகிறோம்.